பச்சைப் பொக்கற் வைத்த மஞ்சள் சட்டை

நிலா வந்துவிட்டால் பவளராணி புத்தகத்தை மூடிவிடுவாள். சண்டைக் கதை எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற சனத்துக்கு மேலே ஒரு நிலாவைக் கொண்டுவந்து மாட்டுகிறவன் அந்த றோட்டில் ஒருநாளும் நடந்திருக்க மாட்டான் என்பது அவளுடைய முடிவு. ஆருக்கப்பா அங்கே அண்ணாந்து பார்க்க நேரம் இருந்தது? அண்ணாந்தால் குண்டு போடுகிற கிபிர் விமானம் தெரியும், வேறென்ன தெரியும். கதாநாயகன் தனியாக நடந்தாலும் அந்த நாவல் கூடாது. அந்த றோட்டில் தனியாக நடக்க ஒருவருக்கும் இடம் இருக்கவில்லை, முன்னால் போகிறவனின் குதியை மிதித்துக்கொண்டுதான் எல்லாரும் நடந்தார்கள். ஓரமாக யாராவது மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினால் பரவாயில்லை, இன்னும் இரண்டு பக்கம் பார்க்கலாம். விறகு ஈரம், புகை கண்ணைக் கரிக்கிறது, பக்கத்துக் குடும்பம் உப்புக் கேட்கிறது என்று எழுதியிருந்தால் அது நல்ல நாவல், வாங்கலாம். இப்படியொரு உரைகல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுசி சரித்திர நாவல் பொறுக்குகிறாளே என்று பழைய புத்தகக் கடை யோகேந்திரன் முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒடுங்கிய கடைக்கு உள்நாட்டுச் சண்டை பற்றிய எந்தப் புத்தகம் வந்தாலும் அதை அவளுக்கென்று ஒரு பக்கம் எடுத்து வைக்கப் பழகிவிட்டான். இன்றைக்கும் மழைக்கு ஒதுங்கி அவள் படியேறியதுமே, "என்னக்கா, கனநாள் காணேல்லை," என்று கதிரையை இழுத்துப் போட்டான். "ஓம் தம்பி, இனி வாசிக்கத் தேவையில்லை எண்டு நினைச்சிருந்தனான்," என்றாள் அவள். சொன்ன வாய் மூடுவதற்குள் கண் தட்டுக்குப் போய்விட்டது.

தட்டில் 'வரலாற்று நாவல்கள்' என்று யோகேந்திரன் புதிதாக ஒரு மட்டை ஒட்டியிருந்தான். வாளும் குதிரையும் கிரீடமும் போட்ட தடித்த புத்தகங்களுக்குப் பக்கத்தில் அவளுடைய சண்டையும் வந்து குந்தியிருந்தது. நல்ல வடிவு! பவளராணிக்கு ஒருகணம் கோபம் வந்தது. அரசர் காலமும் அவள் காலமும் ஒரே தட்டிலா? நான் இன்னும் மிச்ச அரிசியில் முறுக்குச் சுட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறேனே, என்னை எப்ப வரலாறு ஆக்கினார்கள்? கேட்கலாம். கேட்டால் அவன் பாவம், முழிப்பான். அவள் கேட்கவில்லை. வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது, மத்தியானமா பின்னேரமா என்று தெரியாத ஒரு வெளிச்சம். கணவர் கனகலிங்கம் மூன்று கடை தள்ளிப் பூசைச் சாமான் வாங்கப் போயிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. மகள் ஆரணிக்கு. உடம்பு இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஒரு உருவம் கட்டி, அதை எரித்து, சாம்பலைக் கடலில் கரைக்கலாம் என்று ஐயர் சொல்லிவிட்டார். "எவ்வளவு பெரிசாக் கட்டுவியள் ஐயா?" என்று பவளராணி கேட்டாள். தொலைந்தபோது பிள்ளைக்கு ஏழு வயது, இப்போது இருந்தால் கலியாண வயது வந்திருக்கும், எந்த அளவு? ஐயர், "எல்லாருக்கும் ஒரே அளவுதான் அம்மா," என்றார். அவளும் சரி என்றாள். தலையை ஆட்டியது அவளேதான், வேறொருவரும் பிடித்து ஆட்டவில்லை.

சரி என்று சொன்னதற்குக் காரணம் நாலாவது புத்தகம். நாலாவதற்கு முன்னால் முதலாவது இருக்கிறதே, அங்கிருந்துதான் அவள் மனம் எப்போதும் தொடங்கும், எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து முட்டும். சண்டை முடிந்து, அடைத்துவைத்த முகாமிலிருந்து வெளியே வந்து கேட்காத இடமில்லை, போடாத மனு இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: மஞ்சள் சட்டை, பச்சைப் பொக்கற். அவளே தைத்த தீபாவளிச் சட்டை. மஞ்சள் துணி போதாமல் போய், தன்னுடைய பழைய பிளவுசை வெட்டிப் பொக்கற் வைத்தாள். வளர்கிற பிள்ளை என்று கொஞ்சம் பெருப்பித்துத் தைத்தது, முழங்காலுக்குக் கீழே இறங்கும். உலகத்தில் அப்படி இன்னொரு சட்டை இருக்க முடியாது. ஒருவரும் காணவில்லை என்றார்கள். அப்படியிருக்கத்தான் ஒருநாள் மருந்தெடுக்கக் காத்திருந்த இடத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு நாவலைச் சும்மா திறந்தாள். உழவு இயந்திரம் ஓட்டினவர் ஒருவர் எழுதியது. றோட்டுச் சனத்தை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார், ஆடு, சைக்கிள், காயப்பட்ட கிழவர், பிறகு கமா போட்டு, உழவு இயந்திரப் பெட்டியின் ஓரத்தில் மஞ்சள் சட்டையோடு குந்தியிருந்த ஒரு பிள்ளை, பிறகு இன்னொரு கமா. அவ்வளவுதான். எழுதினவருக்கு அந்தப் பிள்ளை தேவையில்லை, கதைக்கும் தேவையில்லை. தேவையில்லாதது ஏன் வந்தது? கண்டதால் வந்தது. அரச காரியாலயங்கள் காணாத பிள்ளையை ஒரு நாவல் கண்டிருக்கிறது, அப்படியென்றால் இன்னொரு நாவலும் கண்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு தொடக்கமும் வாசிப்பதில்லை, முடிவும் வாசிப்பதில்லை. காதல் என்னவானது, ஆர் இயக்கத்துக்குப் போனது, ஆர் காட்டிக்கொடுத்தது, ஒன்றும் வேண்டாம். நேரே றோட்டுக்குப் போவாள், சனத்துக்குள் இறங்குவாள், ஓரங்களைத் தேடுவாள். இரண்டாவது புத்தகத்தில் ஆஸ்பத்திரியாக்கிய பள்ளிக்கூடத்துப் படலையடியில் மஞ்சள் சட்டை தண்ணீர் கேட்டது, குடுத்தார்களா என்று எழுத்தாளர் சொல்லவில்லை. மூன்றாவதில் கடற்கரையில் எல்லாரும் ஒரு பக்கம் போக மஞ்சள் சட்டை எதிர்ப்பக்கம் நடந்தது. என்னைத் தேடித்தான், வேறென்னத்துக்கு, என்று அவள் அன்று முழுக்க அழுதாள். பிள்ளை புத்தகம் புத்தகமாக நடந்துகொண்டிருக்கிறது. இப்படி நினைப்பது பைத்தியம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஒரு புத்தகத்தில் ஆஸ்பத்திரியடியில் நின்ற பிள்ளை அடுத்ததில் கடற்கரைக்குப் போயிருக்கிறது என்றால், இடையில், இரண்டு அட்டைக்கும் நடுவில், அது எங்கே நின்றது? வீட்டில் புத்தகங்களை அவள் இறுக்கி அடுக்குவதில்லை. கொஞ்சம் மூச்சுவிட இடம் விட்டுச் சாய்த்துத்தான் வைப்பாள். ஒருமுறை யோகேந்திரன் நல்லது செய்கிறேன் என்று, வேறு ஏதோ தேசத்து உள்நாட்டுச் சண்டையைத் தமிழில் ஆக்கிய ஒரு நாவலைக் கொடுத்தான். பனி கொட்டுகிற றோட்டு. ஊர்பேர் தெரியாத சனம். நடுவில் மஞ்சள் உடுப்போடு ஒரு சிறுமி வண்டியின் பின்னால் ஓடுகிறாள். ஐயோ, அவ்வளவு தூரமா போய்விட்டாய், குளிருமே ராசாத்தி! பிறகுதான், அது நூறு வருடத்துக்கு முந்தின சண்டை என்று நினைவு வந்தது. நினைவு வந்தும் அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு துவாயைப் போர்த்தித்தான் வைத்தாள். கனகலிங்கம் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

பானை இருந்தது. அதுதான் மனம் மாட்டிக்கொள்ளும் இடம், அதைத் தாண்டி ஒருநாளும் அவள் நினைப்பு போனதில்லை. வீட்டைவிட்டு வெளிக்கிட்ட காலையில் பையில் இடமில்லை என்று எல்லாத் தாய்மாரையும்போல உடுப்பை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். பெரிய சட்டை என்பதால் மஞ்சள் வெளியே வந்தது. பின்கழுத்தில் பட்டன் விழுந்துபோன இடத்தில் ஊசி குத்தினாள். பச்சைப் பொக்கற்றுக்குள் ஒரு பனங்கட்டித் துண்டு. பசித்தாலும் அம்மா சொன்னால்தான் தின்ன வேணும், சரியோ? சரி. வேர்க்குதம்மா. பொறு பிள்ளை, அந்தப் பூவரசடிக்குப் போய்க் கழட்டுவம். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பானை. ஷெல் விழுந்தது. மண் வந்து வாய்க்குள் போனது. காது கூவிக்கொண்டிருந்தது. எழும்பியபோது பானை இருந்தது. இவ்வளவுதான், பிறகும் இவ்வளவுதான், இத்தனை வருடமாக இவ்வளவுதான். அந்தப் பானையில் இப்போதும் சோறு வேகிறது. எறியவும் முடியவில்லை, வைத்துக் கும்பிடவும் முடியவில்லை, அரிசி போட்டுத்தானே ஆக வேண்டும்.

நாலாவது புத்தகம் போன மாதம் கிடைத்தது. நந்திக்கடல் ஓரம். எழுதினவர் ஒளிக்காமல் எழுதியிருந்தார், நல்ல நாவல், கெட்ட காலத்துக்கு நல்ல நாவல். நீரேரிக் கரையில் கிடந்தவர்களைச் சொல்லி வருகிறவர், முகத்தை யாரோ சீலைத் துண்டால் மூடிவிட்டிருந்த ஒரு பிள்ளையிடம் வந்து நிற்கிறார். கணுக்கால் வரை மூடிய மஞ்சள் சட்டை, பச்சைத் துணியில் ஒட்டுப்போட்ட பொக்கற், பொக்கற் வெளியே பிதுங்கி வெறுமையாகக் கிடந்தது. கணுக்கால் என்றது மட்டும் அவளுக்கு ஒருமாதிரி இருந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதானே தைத்தேன்? படுத்திருந்தால் சட்டை இறங்கியிருக்கும், எழுதினவருக்கு அளவு பிடிபட்டிருக்காது, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பனங்கட்டியைத் தின்றிருக்கிறாள், அதுவாவது தின்றாளே. பக்கத்தைத் திறந்தபடி கனகலிங்கத்திடம் நீட்டினாள். அவர் ஒருநாளும் அவளுடைய புத்தகங்களைத் தொட்டதில்லை. நின்றபடியே வாசித்தார். வாசித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், உடுத்த சாரத்தோடே வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினார். செத்தவீட்டுச் செய்தி கேட்டவர் தலை முழுகுவதுபோல. ஈரம் சொட்டச் சொட்ட வந்து, "செய்துபோடுவம் பவளம்," என்றார்.

"இந்தாங்கோ அக்கா, இது போன கிழமை வந்தது," என்று யோகேந்திரன் ஒரு மெல்லிய புத்தகத்தைத் தூசு தட்டிக் கொடுத்தான். "ஆரோ ஒரு பிள்ளை எழுதினது. முதல் நாவலாம். கிளிநொச்சிப் பக்கம் பள்ளிக்கூட ரீச்சரா இருக்கிறா போலை." வேண்டாம் என்று கையை அசைக்க நினைத்தாள். வெள்ளிக்கிழமை எல்லாம் முடியப்போகிறது, இனி ஆரைத் தேட? ஆனால் கை அவள் சொல்லைக் கேட்பதில்லை, அது அன்றைக்கும் கேட்கவில்லை, பானையைத்தானே பிடித்தது. வழக்கம்போல நடுவில் திறந்தாள். நிலா இல்லை. விறகு ஈரமாக இருந்தது. உப்புக் கேட்டார்கள். மழைச் சத்தத்துக்குள் அவளுக்கு அந்தப் புகை மூக்கில் ஏறியது, சத்தியமாக ஏறியது, யோகேந்திரன் ஊதுபத்தி கொளுத்தினானோ என்று திரும்பிப் பார்த்தாள், இல்லை. கதை சொல்கிற பெட்டைக்குப் பதினைந்து வயதிருக்கும், தண்ணீர்க் கானோடு ஒரு பனை வடலி நிழலில் குந்தியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை வந்து குந்துகிறது. மஞ்சள் சட்டை. பவளராணி புத்தகத்தை மூடினாள். செத்துப்போன பிள்ளை எப்படித் திரும்ப வந்து குந்தும்? இது கரைக்குப் போவதற்கு முதல் நடந்ததாக இருக்கும், முதல் நாள், அதற்கு முதல் நாள். கடைசியாக ஒருதரம் முகத்தைக் காட்ட வந்திருக்கிறாள். பார்க்காமல் விட்டால் பாவம். கடைக்குள் யாரோ பின்னால் நின்று அவள் சீலைத் தலைப்பை இழுப்பதுபோல் இருந்தது. திரும்பவில்லை. திரும்பினால் ஒருவரும் நிற்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதுதான் பயம். மறுபடி திறந்தாள்.

அக்கா, பின்னுக்கு ஊசி குத்தியிருக்கு, மெல்லக் கழட்டிவிடுங்கோ, வேர்க்குது என்கிறது பிள்ளை. பெட்டை கழட்டுகிறாள். மஞ்சளுக்குள் நீலச் சட்டை. இன்னும் இருக்கோ என்று பெட்டை சிரிக்கிறாள். இதுக்குள்ளை பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, அம்மா போட்டுவிட்டவ, என்கிறது பிள்ளை. பச்சைப் பொக்கற்றுக்குள் கையை விட்டுப் பனங்கட்டியை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்கிறது. தின்னன் பிள்ளை என்று பெட்டை சொன்னால், அம்மா வரட்டும் என்கிறது. எதிரில் ஒரு பொடிச்சி, நாலு வயது இருக்கும், மேலில் ஒரு துணியும் இல்லாமல், ஆரும் இல்லாமல், சாம்பல் படிந்து நிற்கிறது. பிள்ளை எழும்பிப் போய் மஞ்சள் சட்டையை அந்தப் பொடிச்சியின் தலைக்கு மேலால் போட்டு இழுத்துவிடுகிறது. கணுக்கால் வரை இறங்குகிறது. கணுக்கால் வரை. பவளராணியின் விரல் அந்தச் சொல்லில் நின்றுவிட்டது, தகரத்தில் மழை நின்றது, நிற்கவில்லை, அவளுக்குக் கேட்காமல் போனது. பெட்டை பதறிப்போய்ச் சொல்கிறாள்: குடுக்காதை, உன்ரை அம்மா தேடினால் மஞ்சள் சட்டையைத்தானே தேடுவா? அதற்குப் பிள்ளை சிரிக்கிறது. என்ரை அம்மாவுக்கு என்னைத் தெரியும்தானே அக்கா, என்கிறது.

அவள் வாசித்தாள், திரும்ப வாசித்தாள். முதலில் வந்தது சந்தோசம். கரையில் கிடந்தது என்ரை பிள்ளை இல்லை, இல்லவே இல்லை, என்ரை பிள்ளை அந்த நீரேரிக்கு வரவேயில்லை, என்று எழும்பி யோகேந்திரனைக் கட்டிப்பிடித்துவிடலாம்போல் ஒரு சந்தோசம். அது வந்த வேகத்திலேயே நடுவில் நின்றது. அப்படியென்றால் முகத்தை மூடிக் கிடந்தது ஆரின் பிள்ளை? அதன் தாய்க்குச் சொல்ல ஒரு சட்டை அடையாளமும் இல்லை, வெறும்மேலோடு விட்ட பிள்ளை, எதைச் சொல்லித் தேடுவாள்? ஒரு சவம் என்ரை இல்லை என்று துள்ளுகிறேனே, நானும் ஒரு தாயா? "அக்கா, தண்ணி ஏதும் குடிக்கிறியளோ, முகமெல்லாம் வெளிறிப்போச்சு," என்று யோகேந்திரன் எழும்பிவிட்டான். "தம்பி, இதிலை இருக்கிறது உண்மையோ?" என்றாள். அவன் முதல் பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். "எல்லாம் கற்பனை எண்டுதான் போட்டிருக்கினம் அக்கா. எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை." கற்பனையாம்! என்னுடைய பிளவுசை வெட்டி, என்னுடைய கையால் தைத்த பொக்கற் கற்பனையாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் நிற்காது என்று அடக்கிக்கொண்டாள்.

கனகலிங்கம் வந்து வாசலில் குடையைச் சுருக்கினார். கையில் சாமான் பை, பையின் வாயால் தர்ப்பைப் புல் எட்டிப் பார்த்தது. "வா பவளம், மழை குறைஞ்சிருக்கேக்கை போயிடுவம்." அவள் எழும்பவில்லை. "இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமை செய்வம்," என்றாள். "அதுக்குத்தானே இவ்வளவும் வாங்கினது." "எங்கடை பிள்ளைக்கு இல்லை." அவர் அவளையும் புத்தகத்தையும் பார்த்தார். இது எங்கே போய் முடியும் என்று களைத்துப்போன முகம். அவள் பக்கத்தை நீட்டினாள். மூக்குக் கண்ணாடி மழைப்புகாரில் மங்கியிருந்தது, சாரத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே வாசித்தார். இம்முறை கன நேரம் எடுத்தது. முடித்துவிட்டுப் புல்லைப் பைக்குள் மெதுவாகத் தள்ளி விட்டார். "அந்தப் பிள்ளையின்ரை பேர் தெரியாதே பவளம். ஐயர் பேரும் நட்சத்திரமும் கேப்பார். என்னெண்டு சொல்லுறது?" "மஞ்சள் சட்டை போட்ட பிள்ளை எண்டு சொல்லுங்கோ," என்றாள் அவள். "இனி அது அந்தப் பிள்ளையின்ரை சட்டைதானே." அவர் அவளுக்காகக் குடையை விரித்துப் பிடித்தார்.

ஸ்கூட்டரில் பின்னால் இருந்து வரும்போது அவள் மனம் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. இனி நீலம். முதலிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். நீலம், நீலம், எங்கேயாவது நீலம் வந்ததா? வந்தது. கோயில் வளைவில் ஸ்கூட்டர் சாயும்போது அது வந்தது. அந்த உழவு இயந்திரக்காரரின் புத்தகம், மஞ்சள் சட்டை குந்தியிருந்த பக்கத்துக்கு எத்தனையோ பக்கம் தள்ளி, கஞ்சிக்கு வரிசையில் நிற்கிற பெண்களுக்கு நடுவில் ஒரு நீலச் சட்டைப் பிள்ளை. ஒரு கையைப் பொத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெண்ணாகக் கிட்டப் போய், முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த பெண்ணிடம் போகிறது என்று எழுதியிருந்தார். பொத்திய கைக்குள் என்ன என்று அவர் எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் அது அத்தனை வருடமும் நின்றிருக்கிறது. திறக்கிற ஒவ்வொருத்தியின் முகத்தையும் அண்ணாந்து பார்த்திருக்கிறது. பவளராணி திறந்தபோது அவள் முகத்தையும் பார்த்தது. மஞ்சள் இல்லை என்று அவள்தான் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.